பொலிஸைக் கண்டதும் பையைத் தொடாதீர்கள்: ரொறன்ரோவில் ஓர் அடையாள அட்டை தொலைந்த கதை

நான் ரொறன்ரோவுக்குப் போனது இலங்கையில் போர் முடிந்த அதே வருடம், ஒக்டோபர் மாதம். இப்போது ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு வீட்டில் இருக்கிறேன். அப்போது வவுனியாக் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், எழுதுவினைஞர். பிள்ளைகளையோ சகோதரங்களையோ பார்க்கக் கனடா போகிறவர்கள் இன்றைக்கும் என்னைத் தேடி வந்து, "அக்கா, என்னென்ன கவனிக்க வேணும்?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் நொந்துவிட்டதால் இங்கே எழுதி வைக்கிறேன். விசா, குளிர், பெட்டியின் நிறை பற்றியெல்லாம் மற்றவர்கள் நிறைய எழுதிவிட்டார்கள். நான் எழுதப்போவது களவைப் பற்றி. களவு கொடுத்தவள் சொன்னால் கொஞ்சம் கேட்பீர்கள் என்று ஒரு நம்பிக்கை.

போனதற்குக் காரணம் இரண்டு. ஒன்று என் தம்பி. ரொறன்ரோவின் ஓரத்தில் மல்வேர்னில் இருக்கிறான், இருபத்தொரு வருடமாக நான் காணாதவன். மூன்றாவது விண்ணப்பத்தில்தான் எனக்கு விசா கிடைத்தது. விமான ரிக்கற்றுக்கு ஒரு லட்சத்து நாற்பத்தெட்டாயிரம் ரூபா, பாதியை அவன் அனுப்பினான். இரண்டாவது காரணம், கையகல அடையாள அட்டை ஒன்று.

எங்கள் ஊரில் ஒருவர் வெளிநாடு போகிறார் என்று கதை கசிந்தால் போதும், வாசலில் பார்சல்கள் வந்து இறங்கும். மிளகாய்த்தூள், ஒடியல், பனங்கட்டி, யாரோ ஒருவருடைய பேத்திக்குச் சட்டை. எனக்கு அனுமதித்த இருபத்துமூன்று கிலோவில் பதினாறு கிலோ ஊருடையது. வாங்கமாட்டேன் என்று சத்தம் போடுவேன், பிறகு வாங்கி வைப்பேன். அடையாள அட்டையை மட்டும் சத்தம் போடாமலே வாங்கினேன்.

அதைத் தந்தவர் கணபதிப்பிள்ளை ஐயா. போர் நடந்த வன்னியிலிருந்து வந்த சனங்களை வவுனியாவுக்கு வெளியே முகாமில் வைத்திருந்த நேரம் அது. நாங்கள் பதிவு வேலைக்குப் போவோம். என்னுடைய படிவத்தில் 'இழந்த ஆவணங்கள்' என்று ஒரு நிரல் இருந்தது. அவருடைய முறை வந்தபோது, "எல்லாம் எண்டு எழுதுங்கோ பிள்ளை," என்றார். பிறகு மடியிலிருந்து ஒரு பொலித்தீன் உறையை எடுத்தார். உள்ளே அவருடைய மனைவி பாக்கியத்தின் அடையாள அட்டை. அந்த அம்மா போரின் கடைசி வாரங்களில் இறந்துவிட்டார். வீடு போய், அல்பம் போய், அவருடைய முகம் என்று உலகத்தில் மிஞ்சியது அந்த அட்டையில் இருந்த படம் ஒன்றுதான்.

"நீங்கள் கனடா போறியளெண்டு கேள்விப்பட்டன். மகள் சுபோ அங்கை ரொறன்ரோவிலை இருக்கிறாள். இதை அவளின்ரை கையிலை குடுத்துவிடுவியளோ?"

இறந்தவரின் அடையாள அட்டையைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்பது எங்களுடைய நடைமுறை. அதை நாலு பேருக்கு எடுத்துச் சொல்கிற கதிரையில் இருந்தவளே நான்தான். ஒரு நிமிடம் அட்டையைப் பார்த்தேன். பிறகு அதை என் கைப்பைக்குள் வைத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். போட்டோப் பிரதி எடுக்கப் பயம். கச்சேரி மெஷினில் எடுத்தால் யார் கண்ணிலாவது படும், கடையில் எடுத்தால் கடைக்காரன் கேட்பான். ஆயுள் முழுக்க மற்றவர்களுக்கு 'மூன்று பிரதி கொண்டு வாங்கோ' என்று சொன்ன நான், அந்த ஒன்றுக்கு மட்டும் ஒரு பிரதிகூட எடுக்கவில்லை.

களவுக்கு எதிராக நான் செய்த ஏற்பாட்டையும் சொல்லவேண்டும், ஏனென்றால் அதில் எனக்குப் பெரிய பெருமை இருந்தது. உள்பாவாடையின் இடுப்புக்குக் கீழே உட்பக்கமாக ஒரு துணிப்பை தைத்து, வாய்க்கு மூன்று ஊக்கு. அதற்குள் ஒரு நீலச் சிறு பை. நீலப் பைக்குள் என் பாஸ்போட், என் அடையாள அட்டை, கச்சேரி அட்டை, நூற்று எண்பது டொலர், பாக்கியம் அம்மாவின் அட்டை. ரொறன்ரோவில் வெளியே போகிறபோது அதற்குமேல் சேலை, சேலைக்குமேல் தம்பியின் பழைய கோட்டு, காலில் அவன் மகளின் ஓடுகிற சப்பாத்து. கண்ணாடியில் பார்க்கச் சகிக்காது. ஆனால் அந்தப் பையைத் தொடவேண்டுமானால் திருடன் என்னைக் கலியாணம் முடித்திருக்க வேண்டும்.

சுபோ இருந்தது சென் ஜேம்ஸ் ரவுணில், நகர நடுவில் உயர்ந்து நிற்கிற அடுக்குமாடிக் கூட்டத்தில். ஒரு ஹோட்டலில் துணி வெளுக்கிற பகுதியில் வேலை. வியாழக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு வீட்டில் நிற்பேன் என்று போனில் சொன்னாள். மல்வேர்னிலிருந்து நகரம் ஏறக்குறைய முப்பது கிலோமீற்றர். அவ்வளவு தூரம் போகிறபோது வேறெதையும் பார்க்காமல் வரக்கூடாது என்று தம்பியின் மகள் அபி சொன்னாள். அவளுக்குப் பத்தொன்பது வயது, அங்கேயே பிறந்தவள், அந்த நேரம் பல்கலைக்கழகத்தில் குற்றவியல் படித்துக்கொண்டிருந்தாள். ஆகவே அவள் என்னைக் கூட்டிப்போகத் தெரிவு செய்த இடம் நீர்வீழ்ச்சியும் இல்லை, உயரமான கோபுரமும் இல்லை. பொலிஸ் மியூசியம்.

"பொலிசைக் காசு குடுத்துப் பாக்கப் போறமோ?" என்று கேட்டேன்.

"இல்லை மாமி, ஃப்ரீ. டொனேஷன் பொக்ஸ் மட்டும்தான் இருக்கு."

அந்த வியாழன் காலை 9.10க்கு வீட்டு வாசலில் பஸ். ஆளுக்கு 2 டொலர் 75 சதம், அதோடு ஒரு கடதாசித் துண்டு தருவார்கள், அதை வைத்துக்கொண்டு மாறி மாறி ஏறலாம். பஸ்ஸில் இருபத்தைந்து நிமிடம், பிறகு உயரத்தில் ஓடுகிற சிறு ரயிலில் பத்து நிமிடம், பிறகு சப்வே. (அந்தச் சிறு ரயில் இப்போது இல்லை என்று அபி சொல்கிறாள். கட்டணமும் கூடியிருக்கும், கேட்டுக்கொண்டு போங்கள்.) 10.45க்கு கொலிஜ் ஸ்டேஷனில் இறங்கினோம். ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேலான பயணத்தில் யாரும் எங்களை மறிக்கவில்லை. இறங்கி நில், ஏறு, பையைத் திற என்று ஒரு குரல் இல்லை. முப்பது கிலோமீற்றர் ஒரே மூச்சில் போய்ச் சேரலாம் என்பதே எனக்கு அந்த நாளின் முதல் அதிசயம். அபியிடம் சொன்னேன். அவளுக்கு அதில் என்ன அதிசயம் என்று விளங்கவில்லை. விளங்காமல் இருப்பதும் நல்லதுதான்.

ஸ்டேஷன் படியேறி வெளியே வந்தால், இரண்டு பொலிஸ்காரர் குதிரையில். மண்ணிறக் குதிரைகள், எங்கள் கச்சேரி மதில் உயரம். அபி போட்டோ எடுத்தாள். எனக்கோ கை தானாக இடுப்புக்குப் போனது.

வவுனியாவில் அந்தக் காலத்தில் இருந்தவர்களின் கைக்குத் தனிப் புத்தி உண்டு. சீருடையைக் கண்டால் மூளை யோசிக்கமுன் கை அட்டையை எடுத்துவிடும். கேட்கிற வரைக்கும் காத்திருக்கக் கூடாது. தேடக் கூடாது. தேடினால் சந்தேகம், தடுமாறினால் இன்னும் சந்தேகம். அட்டை கையில் தயாராக இருக்கிற ஆள் நல்ல ஆள். இப்போதோ என் அட்டை சேலைக்குள், பாவாடைக்குள், மூன்று ஊக்குக்குள். நாங்கள் போவதோ பொலிஸ் தலைமையகத்துக்கு! வாசலில் கேட்டால் நடுரோட்டில் நின்று சேலையைத் தூக்குவதா?

ஸ்டேஷனுக்கு மேலேயே ஒரு கடைத்தொகுதி இருந்தது. அபியை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு அங்கே கழிப்பறைக்குப் போனேன். ஊக்குகளைக் கழற்றி, நீலப் பையை எடுத்து, கோட்டின் வலது வெளிப் பொக்கற்றுக்குள் வைத்தேன். மனம் ஆறியது. இனி யார் கேட்டாலும் ஒரு நொடியில் எடுத்து நீட்டலாம். அந்தக் கோட்டுப் பொக்கற்றுக்கு மூடியும் இல்லை, பொத்தானும் இல்லை என்பதையும் இங்கே பதிந்துவிடுகிறேன்.

தலைமையக வாசலில் மேசைக்குப் பின்னால் ஒரு பொலிஸ்காரர். நான் அவருக்கு முன்னால் போய், கேட்காமலே நீலப் பையைத் திறந்து பாஸ்போட், அடையாள அட்டை, கச்சேரி அட்டை மூன்றையும் வரிசையாக வைத்தேன். அவர் அவற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு அபியைப் பார்த்தார்.

"மாமி, ரிலாக்ஸ். அவர் குட் மோர்னிங் மட்டும்தான் சொன்னவர்."

மியூசியம் நிலத் தளத்திலேயே இருந்தது. எங்களுக்குச் சுற்றிக் காட்ட வந்தவர் ஓய்வு பெற்ற ஒரு பொலிஸ்காரர். எழுபது வயதிருக்கும், தென்னை உயரம், வெள்ளை மீசை. விருப்பத்துக்காக வந்து நிற்கிறாராம், சம்பளம் இல்லை. பழைய விசில்கள், விளக்குகள், கைவிலங்குகள், மோட்டார் சைக்கிள்கள், தெருமுனையில் நிறுத்தி வைத்துப் பொலிஸ்காரர் நிலையத்தோடு பேசுகிற இரும்புப் பெட்டி. நகரம் உருவான காலத்தில் ஊருக்கே ஐந்து காவலர்தான் என்று அவர் சொன்னார். ஐந்து பேர்! எங்கள் தெருமுனைச் சோதனைச் சாவடியிலேயே அதைவிடக் கூட.

பிறகு ஒரு கதை சொன்னார், அபி மொழிபெயர்த்தாள். நூற்றைம்பது வருடங்களுக்கு முன் இந்த ஊருக்கு ஒரு சர்க்கஸ் வந்ததாம். கோமாளிகளுக்கும் தீயணைப்புக்காரருக்கும் ஒரு கூடாத வீட்டில் வைத்துச் சண்டை. அடுத்த நாள் சனம் திரண்டு போய்ச் சர்க்கஸைப் பிரித்து எறிந்தது. அந்தக் காலத்துப் பொலிஸிலும் தீயணைப்பிலும் இருந்தவர்களில் அநேகர் ஒரே கட்சி, ஒரே சங்கம். தங்கள் ஆட்கள் செய்த குழப்படியைப் பொலிஸ்காரர்கள் காணவில்லை. விசாரணையில் ஒருவரையும் அடையாளம் தெரியாது என்று சொல்லிவிட்டார்கள்.

இதைக் கேட்டதும் எனக்கு அந்த ஊர் சட்டென்று கிட்ட வந்தது. "பிறகு?" என்று நானே இங்கிலிஷில் கேட்டேன்.

"பிறகு சில வருடத்தில் முழுப் படையையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் புதிதாகத் தொடங்கினார்கள்," என்று சொல்லி அவர் சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. பிரமித்துப்போய் நின்றேன். பொலிஸ் தன்னுடைய மானக்கேட்டை, தன்னுடைய வீட்டுக்குள் வைத்தே, வழியால் வந்த ஒரு பரதேசிக்குச் சொல்லிச் சிரிக்கிறது. ஒரு நாடு ஒரு பொலிஸைக் கலைத்துவிட்டுத் திரும்பக் கட்டலாம் என்பது என் புத்தியில் அதுவரை உதித்ததே இல்லை. பொலிஸ் என்பது மழை வெயில் போல, இருப்பதுதான், நாங்கள்தான் குடை பிடிக்கவேண்டும் என்று நினைத்திருந்தேன்.

"எல்லாம் பேர்ஃபெக்ட் இல்லை மாமி," என்று அபி வெளியே வந்ததும் சொன்னாள். "மல்வேர்னிலை பொலிஸ்காரர் எங்கடை பெடியளை மறிச்சு மறிச்சுப் பேர் கேக்கிறவை. ஐ ஹேட் இட்." அதையும் இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

ஒரு மணித்தியாலம் நாற்பது நிமிடம் உள்ளே நின்றிருக்கிறோம். கடைத்தொகுதியில் ஆளுக்கு ஏழு டொலருக்கு, அபியின் காசில், சோறும் கறியும் சாப்பிட்டோம். அங்கேயே மறுபடி கழிப்பறைக்குப் போய்ப் பையைப் பழைய இடத்தில் வைத்திருக்கலாம். வைக்கவில்லை. அந்தத் தெருவில் நாலடிக்கு ஒரு சீருடை, யாராவது கேட்டால்? தெருவில் கடைகளைப் பார்த்துச் சுற்றிவிட்டு, 3.15க்குக் கடைத்தொகுதி வாசலிலேயே தண்டவாளத்தில் ஓடுகிற ஸ்ட்ரீட்கார் ஏறினோம். பள்ளிக்கூடம் விட்ட நேரம், நிற்க இடமில்லை. நான் ஒரு கையால் கம்பியையும் மற்றக் கையால் சேலைக் கொய்யக மடிப்பையும் பிடித்திருந்தேன். பன்னிரண்டு நிமிடத்தில் பார்லிமென்ற் தெருவில் இறங்கினோம். மூலையில் ஒரு பொலிஸ் கார் நின்றது. கை தானாகப் பொக்கற்றுக்குள் போனது.

பொக்கற்றில் ஒன்றும் இல்லை.

மற்றப் பொக்கற்றைப் பார்த்தேன். இடுப்பைத் தடவினேன். அபி என் கைப்பையை நடைபாதையில் கொட்டித் தேடினாள். பொலிஸ் தலைமையக வாசலில் நான் கடைபரப்பியதையோ, பிறகு தெருவில் பத்தடிக்கு ஒருதரம் பொக்கற்றைத் தொட்டுப் பார்த்ததையோ எவனோ ஒருவன் கவனித்திருக்கிறான். தொட்டுத் தொட்டு அவனுக்கு இடத்தைக் காட்டிக் கொடுத்தவள் நான்தான். பாஸ்போட் போனதற்கு எனக்கு ஒரு பதற்றமும் வரவில்லை. பொலித்தீன் உறையை மடியிலிருந்து எடுத்த அந்தக் கை மட்டும் கண்ணுக்குள் நின்றது.

சுபோவின் வீடு பதினாலாம் மாடி. அவளுக்கு முப்பத்துநாலு வயது, மெல்லிய ஆள், கை வெளுத்துச் சுருங்கியிருந்தது. கதவைத் திறந்து, "வாங்கோ அக்கா, வாங்கோ," என்று இரண்டு கையையும் பிடித்தாள். சாமித் தட்டில் விளக்குக்குப் பக்கத்தில் புதிதாக வாங்கிய ஒரு பிரேம் நின்றது. உள்ளே ஒன்றும் இல்லை, கண்ணாடிக்குப் பின்னால் வெறும் மட்டை. அதைக் கண்ட பிறகு எனக்கு இருக்க முடியவில்லை. நின்றபடியே சொன்னேன். இடையில் அழுதுவிட்டேன், அபிதான் சொல்லி முடித்தாள்.

சுபோ அழவில்லை. அடுப்பை நிறுத்தினாள். கோட்டை எடுத்தாள்.

"பொலிசுக்குப் போவம் அக்கா."

"பொலிசுக்கோ? வேண்டாம் பிள்ளை. செத்த ஆளின்ரை அட்டை என்னட்டை என்னண்டு வந்ததெண்டு கேட்டா நான் என்னத்தைச் சொல்லுறது?"

"அம்மாவின்ரை படம் எண்டு சொல்லுங்கோ. அவ்வளவுதானே."

பார்லிமென்ற் தெரு வழியே தெற்கே நேராக இருபத்தைந்து நிமிட நடை. அந்த இருபத்தைந்து நிமிடமும் நான் மனதுக்குள் பதில்களை ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். அரச ஊழியர், விடுமுறைக் கடிதம் உண்டு, பயண நோக்கம் சகோதரனைப் பார்த்தல். வாழ்நாளில் முதல் தடவையாக நானாக ஒரு பொலிஸ் நிலையத்துக்குள் கால் வைக்கிறேன், அதுவும் கையில் ஒரு துண்டுக் கடதாசி இல்லாமல்.

மேசையில் ஒரு பெண். முப்பது வயதுக்குள் இருக்கும், தலைமயிரை இறுக்கிக் கட்டியிருந்தாள். முதலில் என்னை இருக்கச் சொன்னாள். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். பிறகு என் பெயரைக் கேட்டாள். சொன்னேன். எழுதினாள். நான் காத்திருந்தேன். அவளும் காத்திருந்தாள், அடுத்ததை நான் சொல்வேன் என்று. அப்போதுதான் எனக்கு உறைத்தது, அட்டை எங்கே என்ற அந்தக் கேள்வி வரப்போவதில்லை. நான் யார் என்பதற்கு என் வாய்ச்சொல்லே போதும் என்று அந்தச் சீருடை ஏற்றுக்கொண்டுவிட்டது. ஐம்பத்திரண்டு வயதில் ஒருத்தி அதைக் கண்டு ஆவென்று வாய் பிளந்து இருந்தாள் என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள்.

படிவத்தில் பொருள், விவரம், பெறுமதி என்று மூன்று நிரல். படிவம் எந்த நாட்டிலும் படிவம்தான், அந்த அளவில் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருந்தது. காசு, நூற்று எண்பது. நீலப் பை, ஐந்து டொலர். அடையாள அட்டை ஒன்று, வேறொருவருடையது. பெறுமதி?

நான் சுபோவைப் பார்த்தேன். சுபோ இங்கிலிஷில் சொன்னாள், அது தன்னுடைய அம்மா, அம்மா போரில் செத்துப்போனா, வேறு படம் இல்லை. செத்த ஆளின் அட்டை ஏன் வந்தது என்று அந்தப் பெண் கேட்கவில்லை. பிறகு பெறுமதி நிரலில் ஒரு கோடு போட்டுவிட்டு, விவர நிரலில் நாலு வரி எழுதினாள். முறைப்பாட்டு இலக்கத்தைச் சின்னக் கடதாசியில் எழுதித் தந்தாள். கிடைக்கும் என்று வாக்குத் தரமுடியாது, ஆனால் காசை எடுத்துக்கொண்டு மிச்சத்தை எறிகிறவர்கள் உண்டு என்றாள்.

இரண்டு இரவு நான் சரியாகத் தூங்கவில்லை. தம்பி தன் பங்குக்கு ஆறுதல் சொன்னான்.

"பாஸ்போட்டுக்கு எம்பசியிலை எழுதிக் குடுக்கலாம் அக்கா. காசு போனாப் போகட்டும்."

"அந்தப் படத்துக்கு எங்கையடா எழுதிக் குடுக்கிறது?" என்று அவனோடு எரிந்து விழுந்தேன். பாவம், அவன் வேலைக்குப் போனான். ஊருக்குத் திரும்பி ஐயாவுக்கு என்ன சொல்வது என்பதை மட்டும் திரும்பத் திரும்ப யோசித்தேன். கொடுத்துவிட்டேன் என்று பொய் சொல்லலாமா என்றும் யோசித்தேன், மறைக்கவில்லை.

சனிக்கிழமை காலை 9.40க்குப் போன் அடித்தது. அபி எடுத்தாள், கேட்டாள், போனைக் கையால் பொத்திக்கொண்டு கத்தினாள். ஸ்ட்ரீட்கார் ஓடுகிற அதே தெருவில் ஆலன் கார்டன்ஸ் என்று ஒரு பூங்கா. அங்கே இலை கூட்டுகிற தொழிலாளி ஒருவர் உதிர்ந்த இலைக் குவியலுக்குள் நீலப் பையைக் கண்டு, பொலிஸிடம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். அவர் பெயர் எனக்குத் தெரியாது. கேட்டேன், தெரிவிக்க மாட்டார்களாம். அவர் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கவேண்டும்.

11.30க்கு நிலையத்தில் நின்றோம். சுபோ எங்களுக்கு முன்னமே வந்து வாசல் படியில் இருந்தாள். இந்த முறை மேசையில் ஒரு ஆண், பருத்த உடம்பு, மூக்கில் கண்ணாடி. நீலப் பையை ஒரு தட்டில் வைத்துக் கொண்டுவந்தார். காசு இல்லை. மற்றதெல்லாம் இருந்தது. உரிமையாளர் நான்தானா என்று பார்க்க ஒவ்வொன்றாக எடுத்தார். பாஸ்போட்டைப் பார்த்து, என்னைப் பார்த்துத் தலையாட்டினார். என் அடையாள அட்டை, தலையாட்டல். கச்சேரி அட்டை, தலையாட்டல். நாலாவதை எடுத்துப் பார்த்தார். திரும்ப என்னைப் பார்த்தார். இது நீங்கள் இல்லையே, இது யார் என்று கேட்டபடி அட்டையை எங்கள் பக்கம் திருப்பி நீட்டினார்.

பதினொரு வருடத்துக்குப் பிறகு சுபோ தன் தாயின் முகத்தைக் கண்டது அப்படித்தான், ஒரு பொலிஸ்காரரின் இரண்டு விரலுக்கு நடுவில்.

"தட்ஸ் மை மம்," என்றாள். அவ்வளவுதான் வந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்துவிட்டாள்.

அந்த அட்டையைப் பாக்கியம் அம்மா எத்தனை சாவடியில், எத்தனை வரிசையில், எத்தனை சீருடைக்கு முன்னால் நீட்டியிருப்பார் என்று எனக்குத் தெரியும். நானும் அந்த வரிசைகளில் நின்றவள். அன்றைக்குத்தான் ஒரு சீருடை அதை எங்களிடம் நீட்டியது. அந்தப் பருத்த மனிதர் கண்ணாடியைக் கழற்றினார். அட்டையை மேசையில் வைக்காமல், சுபோ தலை நிமிரும் வரைக்கும் கையில் பிடித்தபடியே நின்றார். நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன், வேறெதையும் பார்க்கத் தோன்றவில்லை.

வெளியே வந்ததும் முதல் வேலையாகப் படக்கடை தேடிப் போனோம். இலக்கம் இல்லாமல் முகத்தை மட்டும் பெருப்பித்து இரண்டு பிரதி, பன்னிரண்டு டொலர். ஒன்று, அட்டையோடு சேர்த்து, சுபோவுக்கு. அடையாள அட்டைக்கு யார் சிரித்திருக்கிறார்கள்? ஆனால் பெருப்பித்துப் பார்த்தபோது வாயோரத்தில் ஏதோ ஒன்று இருந்தது. அது சிரிப்புத்தான் என்று சுபோ அடித்துச் சொன்னாள். படக்காரன் ஏதாவது பகிடி விட்டிருப்பான் என்றாள்.

இனி, போகப்போகிறவர்களுக்கு. பாஸ்போட்டை வீட்டில் பூட்டி வைத்துவிட்டுப் பிரதியோடு வெளியே போங்கள். எல்லாவற்றுக்கும் பிரதி எடுங்கள், எடுக்கப் பயமான ஒன்று இருந்தால் அதற்கு முதலில் எடுங்கள். காசை இரண்டு இடத்தில் பிரித்து வையுங்கள். சனநெருக்கத்தில் பையை முன்பக்கம் கொண்டுவாருங்கள். உள்பாவாடைப் பை உலகத்திலேயே சிறந்த பை, அதில் குறை இல்லை, ஆனால் வைத்ததை வெளியே எடுக்காதீர்கள். பெறுமதியான பொருள் எங்கே இருக்கிறது என்று அடிக்கடி தொட்டுப் பார்க்காதீர்கள், நீங்கள் தொடுகிற இடத்தைத்தான் கள்ளன் பார்க்கிறான். எங்கள் ஆட்களுக்கு இது கஷ்டம், எனக்குத் தெரியும். சீருடையைக் கண்டால் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். களவு போனால் அன்றைக்கே பொலிஸில் சொல்லுங்கள். மியூசியம் திறந்திருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள், அந்தக் கோமாளிக் கதையைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.

நவம்பரில் நான் திரும்பி வந்தேன். அடுத்த கிழமையே பதிவு வேலை என்று முகாமுக்குப் போனேன். வாசலில் என் அட்டையைக் காட்டினேன், இரண்டு தரம். கணபதிப்பிள்ளை ஐயாவைக் கூப்பிட்டு நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னேன், தொலைத்ததையும் சேர்த்து. பிறகு இரண்டாவது பிரதியை அவரிடம் கொடுத்தேன். உங்களுக்கென்று ஒன்றும் வைக்காமல் ஏன் ஐயா இருந்த ஒன்றையும் தந்தீர்கள் என்று கேட்டேன்.

"எனக்கென்னத்துக்குப் பிள்ளை படம்? நான் கடைசி மட்டும் பாத்த முகம். அவளெல்லோ பதினொரு வருசமாப் பாக்கேல்லை."

அப்படிச் சொன்னவர் படத்தைத் திருப்பித் தரவில்லை. சட்டைப் பைக்குள் வைத்துப் பொத்தானைப் பூட்டினார். பொத்தான் உள்ள பைதான் நல்லது.